மருமவனுக்கு ஏத்த வாட்ச்

"துட்டும் இருக்கு, தைரியமும் இருக்கு. அதுக்கு ஏத்தாப்ல கையில கட்ட ஒரு வாட்ச் சொல்லும் மாமா"ன்னு கேட்டுட்ட. துட்டு இருக்குன்னு ஆலங்குளத்துக்கே தெரியும். மெட்ராஸ்ல பலசரக்குக் கடை, தென்காசி ரோட்டு மேல பங்களா. தைரியத்துலதான் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். போன தடவ வந்தப்போ எங்க வீட்டு நாய் குரைச்சதும், கார் கண்ணாடிய ஒரு விரல் அளவு இறக்கி, "மாமா, அதக் கட்டிப் போடும்"ன்னியே, மறந்துட்டியா? சரி, அத விடு. நாய்க்கு வாட்ச் விலை தெரியாது.

தெரியாததுதான் இங்க பெரிய பிரச்சினை மருமவனே. நீ கட்டுத வாட்ச் விலை பாக்குதவனுக்குத் தெரியணும்லா? நம்ம தெருவுல பீடி சுத்துத பொம்பளையாளுவளப் பாரு. மடியில சொளவு, சொளவுல இலையும் தூளும், பக்கத்துல கத்திரி. கண்ணு டிவியில கெடக்கும், விரலு பாட்டுக்கு உருட்டி நூலச் சுத்திப் போட்டுக்கிட்டே இருக்கும். அவளுவ உன் கழுத்துச் சங்கிலிய ஒரு தடவ நிமுந்து பாத்தா எத்தன பவுன்னு சொல்லிருவாளுவ. உன் வாட்சப் பாத்தா? "சில்வரு பளிச்சுனு இருக்கு தம்பி"ம்பாளுவ. அதோட முடிஞ்சுது உன் இருவது லட்சம்.

ராயல் ஓக்னு ஒண்ணு இருக்கு. ஓடெமார் பிகேங்குத சுவிஸ் கம்பெனி 1972-ல போட்டது. ஜெரால்டு ஜென்டான்னு ஒருத்தர் வரைஞ்சு குடுத்தது. எட்டு மூலை, மூலைக்கு ஒண்ணா எட்டு ஸ்க்ரூ, அதையும் மறைக்காம வெளிய தெரியுத மாதிரியே விட்டிருக்கான். பேரன் போன்ல காட்டுனப்போ, நம்ம கெணத்து மோட்டார் பிளாஞ்ச எவனோ போட்டோ பிடிச்சுப் போட்டிருக்கான்னுதான் நெனச்சேன். தங்கம் கிடையாது, சுத்த எவர்சில்வர். ஆனா வந்த அன்னைக்கே தங்க வாட்சுக்கு மேல விலை வச்சான். மொதல்ல சிரிச்சாவளாம், பெறகு வரிசையில நின்னு வாங்குனாவளாம். நம்ம பாத்திரக்கடையில எவர்சில்வர கிலோ கணக்குல நிறுத்துக் குடுக்கான். இத நீ கட்டுனா, விலையச் சொல்ல ஒரு பொடியன சம்பளத்துக்கு வச்சுக்கணும். நீ கைய நீட்டுனதும் அவன் சத்தமாச் சொல்லணும். நீயே சொன்னா அசிங்கம்.

ரோலக்ஸ்னா அந்தச் செலவு மிச்சம். 2022-ல விக்ரம் படம் வந்த பெறகு அந்தப் பேரு இங்க சின்னப் பயலுக்குக்கூடத் தெரியும், வில்லன் பேருன்னு. படம் ஓடுன ஓட்டத்துல கமல் தன் ரோலக்ஸ அந்த வில்லனா வந்த சூர்யாவுக்கே குடுத்துட்டாரு. தைரியம்னா அது. கையில கெடக்கதக் கழத்திக் குடுக்க நெஞ்சு வேணும். உனக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது, உன் தங்கச்சி மாப்பிள்ளையத்தான் கேக்கணும். ரோலக்ஸ்ல இன்னொரு சங்கடமும் இருக்கு. அசலே கட்டிட்டு வந்தாலும், "பர்மா பஜார்ல எம்புட்டுண்ணே?"ன்னுதான் உன் சித்தப்பா மவன் கேப்பான். நீ பில்லக் காட்டுனா, பில்லும் அங்கனயே அடிச்சுத் தருவான்னு சொல்லுவான்.

இதுல மணி சரியாக் காட்டுமான்னு நீ கேக்கவே இல்ல. கேக்காததே நல்லது. உள்ள பல்சக்கரம் ஓடுத வாட்சு, எவ்வளவு ஒசத்தியா இருந்தாலும் கொஞ்சம் முன்ன பின்ன ஓடத்தான் செய்யும். சுவிஸ்காரன் சோதிச்சு சர்டிபிகேட் குடுக்கதுக்கே ஒரு நாளைக்கு 4 செகண்டு பிந்தலாம், 6 செகண்டு முந்தலாம்னு கணக்கு வச்சிருக்கான். பேட்டரி போட்ட குவார்ட்ஸ் வாட்சு, பஸ் ஸ்டாண்டு பக்கம் தொங்குதே, அது ஒரு மாசத்துக்கே பத்துப் பதினஞ்சு செகண்டுதான் தவறும். ஆக, லட்சத்த எண்ணி வச்சவனுக்கு மணி தப்பும், சில நூறு குடுத்தவனுக்குத் தப்பாது. இதுக்காக நீ வருத்தப்படாண்டாம். துட்டுக்காரன் போய்ச் சேருத நேரம்தான கல்யாண வீட்டுல முகூர்த்தம்?

ஆட்டோமேட்டிக் வாங்கினா ஒரு வேலை இருக்கு. பின்பக்கம் கண்ணாடி வச்சிருப்பான். உள்ள அரை வட்டத் தகடு ஒண்ணு கை அசையுத அசைவுல சுத்திச் சுத்தி ஸ்பிரிங்க முறுக்கும். கை வீசி நடக்கவன் கையில அது பாட்டுக்கு ஓடும். கழத்தி வச்சா ரெண்டு மூணு நாளுல நின்னுரும். நீ கார்ல இருந்து எறங்குனா நாற்காலி, நாற்காலிய விட்டா கட்டிலு. உன் கையில கெடந்தாலும் அலமாரியில கெடந்தாலும் அதுக்கு ஒண்ணுதான். டாக்டர் நடக்கச் சொல்லிக் கேக்காதவன் வாட்சுக்காவது நடப்பியோ என்னமோ.

சாரல் விழுந்து குத்தாலத்துக்குப் போனியன்னா கழத்தி அத்தைகிட்டக் குடுத்துரு. "30 மீட்டர்னு போட்டிருக்கு மாமா"ன்னு வாதாடாத. அது கம்பெனிக்குள்ள அசையாத தண்ணியில அழுத்தம் பாத்துப் போட்ட எழுத்து. கை கழுவலாம், மழையில நனையலாம், அவ்வளவுதான். ஐந்தருவியில மேல இருந்து விழுத தண்ணி அந்த எழுத்தப் படிச்சுட்டா விழுது? தண்ணிக்குன்னு செஞ்சத வாங்கினாலும், சாவி குடுக்குத குமிழத் திருகி மூடலைன்னா தொலைஞ்சுது. தோல்வாரா இருந்தா எண்ணெய் தேய்க்குதவன் கை படும்போதே பாதி உயிரு போயிரும்.

இனி முக்கியமான விஷயம். வாட்சக் கூட மறந்துட்டு வா, பில்ல மறந்துட்டு வராத. 2016-ல கர்நாடக முதலமைச்சர் சித்தராமையா கையில ஹூப்லோ வாட்சப் பாத்து, 70 லட்சம் பெறும்னு எதிர்க்கட்சிக்காரவ கெளப்புனாவ. துபாய்ல இருக்க கூட்டாளி குடுத்ததுன்னு இவரு சொன்னாரு. கடைசியில சட்டசபை சபாநாயகர்கிட்டக் குடுத்து அரசாங்கச் சொத்தா ஆக்கிட்டுப் போனாரு. நம்ம பக்கம் 2022 டிசம்பர்ல, அப்போ பாஜக மாநிலத் தலைவரா இருந்த அண்ணாமலை கட்டியிருந்த ரஃபேல் வாட்சுக்கு பில்லு எங்கன்னு மந்திரியா இருந்த செந்தில் பாலாஜி கேட்டாரு. பெல் அண்ட் ராஸ் கம்பெனி மொத்தமே 500தான் போட்டது அது. கூட்டாளிகிட்ட 3 லட்சத்துக்கு வாங்குனேன்னு அண்ணாமலை கணக்கக் காட்டும்போது அடுத்த வருசம் சித்திர பொறந்துட்டு. ரெண்டு கதையிலயும் ஒரு கூட்டாளி வாரான் பாத்தியா? உனக்கு அப்படி ஒருத்தன் கெடைச்சா எனக்கும் சொல்லி விடு.

கடைக்கு சாக்குப்பையில துட்டக் கட்டிட்டும் போவாத. 2017-லேர்ந்து ரெண்டு லட்சமும் அதுக்கு மேலயும் ரொக்கமா வாங்கக் கூடாது, வாங்கினா வாங்குனவனுக்கு அம்புட்டும் அபராதம். 10 லட்சத்துக்கு மேல போனா, 2025 ஏப்ரல்லேர்ந்து ஒரு சதவீதம் தனியாப் பிடிச்சு உன் பேருல வருமான வரிக்காரனுக்கு அனுப்பி வச்சிருவான். நாங்கள்ளாம் மாமனார் போட்ட எச்எம்டி காஞ்சனக் கட்டிட்டு அலைஞ்ச காலத்துல, வரிக்காரன் வந்தாலும் மணி கேட்டுட்டுத்தான் போனான்.

என் இஷ்டத்துக்கு விட்டா டைட்டன்னு சொல்லுவேன். 1984-ல நம்ம கவர்மெண்டோட டிட்கோவும் டாட்டாவும் சேந்து தொடங்கினது, ஓசூர்ல ஃபேக்டரி. 2002-ல எட்ஜ்னு மூணரை மில்லிமீட்டர் கனத்துல ஒண்ணு போட்டான், சட்டைக் கைக்குள்ள போனா வெளிய தெரியாது. ஆனா நீ தெரியணும்லா சொல்லுத.

அப்போ ரிவர்சோவ வாங்கு. ஜெகர் லெகூல்த்ர்னு வாயில நுழையாத கம்பெனி, 1931-ல போட்டது. வெள்ளக்காரன் காலத்துல இந்தியாவுல போலோ ஆடுன பட்டாளத்து ஆபீசருவளுக்கு, ஆட்டத்துல கம்பு பட்டு வாட்ச் கண்ணாடி நொறுங்கிப் போவும். அதுக்காகவே முகத்த அப்படியே திருப்பி உள்பக்கம் மறைச்சுக்கிடுத மாதிரி செஞ்சான். ஆபத்து வந்தா முகத்தத் திருப்பிக்கிட வேண்டியதுதான். உன் குணத்துக்குன்னே செஞ்சது. சம்பந்தி வீட்டுக்காரவ வந்தா இந்தப் பக்கம் காட்டு, கைமாத்து கேட்டு எவனாவது வந்தா அந்தப் பக்கம்.

கோயில் கொடைக்கு வரும்போது மட்டும் அது செல்லாது. வரிப் புத்தகத்தோட சுத்துத கமிட்டிப் பொருளாளரு மும்பையில பத்து வருசம் வாட்ச் கடையில இருந்தவரு. முதுகப் பாத்தே விலை சொல்லிருவாரு. போன வருசம் உன் பேருக்கு ரெண்டாயிரம்தான் எழுதியிருந்தாவ. இந்தத் தடவ வில்லுப்பாட்டுச் செலவு, நையாண்டி மேளம், ரெண்டு நாள் அன்னதானம் மூணையும் உன் பேருல போட்டு ரசீதையும் கிழிச்சு வச்சிட்டாவ. என்கிட்டதான் இருக்கு, வாரப்போ வாங்கிக்கோ.