ஈராள் திரை: சிவகாசி அச்சக வடிவமைப்பாளர் மானிட்டர் வாங்குதல் பற்றிய ஓர் ஆராய்ச்சி

கணினித் திரையைத் தேர்ந்தெடுக்கும் முறை குறித்து எழுதப்பட்டவை உலகில் ஏராளம் எனினும், விளையாடுபவர் ஒருவர், வடிவமைப்பவர் வேறொருவர் என்ற எடுகோளின் மேலேயே அவை பெரும்பாலும் எழுப்பப்பட்டிருப்பதால், அவ்விருவரும் ஒரே நாற்காலியில் பகலில் ஒருவராகவும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மற்றவராகவும் அமர்ந்திருக்கும் சிவகாசிக்கு அவற்றைப் பொருத்துவதில் இடர்ப்பாடு மிகுதி. பகலில் புஸ்வாணப் பெட்டிக்கு லேபிள் வரைந்து, இரவில் ‘வாலரன்ட்’ விளையாட்டில் எதிரியின் தலையைத் தேடும் இத்தகையவரை இவ்வாராய்ச்சி ‘ஈராள்’ என்று குறிக்கும். அவர் வாங்க வேண்டிய திரை எது, உண்மையில் வாங்குவது எது, இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவுக்கு யார் பொறுப்பு என்பன இதில் ஆராயப்படும்.

சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய வரலாறு விருதுநகர் மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்கு அச்சகம் வேண்டியிருந்தது. அச்சகம் வந்தபின் அதற்கு ஆண்டு முழுவதும் தீனி வேண்டியிருந்ததால் காலண்டரும் டைரியும் வந்து சேர்ந்தன. இவற்றுள் பட்டாசு லேபிளுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. கத்தரிக்காயை அழுத்திப் பார்த்து வாங்கலாம், வேட்டியை விரித்துப் பார்த்து வாங்கலாம். பட்டாசை வெடித்துப் பார்த்து வாங்க முடியாது ஆகலின், வாங்குபவர் கண்ணால் காணும் சரக்கு லேபிள் ஒன்றே. அதனை வரைபவரின் திரை பிழையாக நிறம் காட்டுமாயின் அப்பிழை லட்சக்கணக்கான பெட்டிகளின் மேல் ஏறிவிடும் என்பது இவ்வாராய்ச்சியின் முக்கியத்துவத்தை நிறுவப் போதுமானது. அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் ஆடி 18 அன்று வெளியிடப்படுவது ஊர் வழக்கமாதலால், ஆனி மாதம் முழுவதும் ஈராளின் இரவுப் பாதி பட்டினி கிடக்க நேர்வதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

இனி, ரெஃப்ரெஷ் ரேட். திரையில் தோன்றும் படம் ஒரு நொடியில் எத்தனை முறை புதிதாக வரையப்படுகிறது என்னும் கணக்கே அது. ஹெர்ட்ஸ் என்ற அலகால் அளக்கப்படுவது. சாதாரண அலுவலகத் திரை 60 ஹெர்ட்ஸ் உடையது ஆதலால் ஒவ்வொரு படமும் 16.67 மில்லிநொடி, அதாவது நொடியின் ஆயிரத்தில் ஏறத்தாழ பதினேழு பங்கு, அப்படியே நிற்கும். 144 ஹெர்ட்ஸ் திரையில் அது 6.94 மில்லிநொடி, 240இல் 4.17, 360இல் 2.78. மில்லிநொடி என்பது மனத்தில் நில்லாத அளவு என்று மலைப்பவர்க்கு உள்ளூரிலேயே உரைகல் உள்ளது: ஆயிரம் வாலா சரம் நொடிக்கு 60 வெடி வீதம் வெடித்தால் 16.67 நொடியில் முடியும், 144 வீதமெனில் 6.94 நொடியிலேயே குப்பையாகிவிடும் என்பதால், ஒரு படத்தின் மில்லிநொடியும் ஒரு சரத்தின் நொடியும் எண்ணளவில் ஒன்றே. இது கணக்களவில் மட்டுமே மெய்ப்பிக்கத் தக்கது. சரவெடிகளுக்கு உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை விதித்துவிட்டதால் செய்முறைச் சோதனைக்கு இடமில்லை.

வேகம் கூடினால் கண்ணுக்கு என்ன ஆதாயம் எனின், கண் ஓடும் உருவத்தைத் தொடர்ந்து நகர்ந்துகொண்டிருக்க, திரையோ ஒவ்வொரு படத்தையும் அடுத்தது வரும்வரை அசையாமல் நிறுத்திவைப்பதால் விழித்திரையில் உருவம் இழுபட்டு மங்குகிறது. நிறுத்தும் நேரம் குறையுந்தோறும் இழுபடுதலும் குறைந்து, ஓடுபவனின் முகம் முகமாகவே தெரிகிறது. இதனை மறுப்பார் இலர். எவ்வளவு வேண்டும் என்பதில்தான் ஈராள்கள் பிளவுபட்டிருக்கின்றனர். 144 போதும் என்போர், 60இலிருந்து 144க்குச் செல்கையில் மிச்சமாவது 9.72 மில்லிநொடி, அங்கிருந்து 240க்குச் செல்கையில் 2.78 மட்டுமே, 360க்குச் செல்கையில் மேலும் 1.39 மட்டுமே, விலையோ எதிர்த்திசையில் ஓடுகிறது என்பர். 240 வேண்டும் என்போர் இந்தக் கணக்கை மறுப்பதில்லை. தாங்கள் சுடப்பட்டு விழுந்த ஒவ்வொரு முறையும் அந்த 2.78 மில்லிநொடிக்குள்தான் விழுந்ததாகக் கூறுவர். இக்கூற்றைச் சோதிக்கும் கருவி இன்னும் கண்டறியப்படவில்லை ஆதலால் இது நம்பிக்கையின்பாற்பட்டதாகக் கொள்ளப்படும்.

இரு தரப்பாரும் ஒருங்கே மறப்பவை இரண்டு. திரை நொடிக்கு 144 படம் காட்டும் ஆற்றல் உடையதாயினும், கணினியின் கிராபிக்ஸ் கார்டு நொடிக்கு 50 படம்தான் வரைந்து தருமெனில் எஞ்சிய 94 முறையும் பழைய படமே மீண்டும் காட்டப்படும் என்பது ஒன்று. மற்றது, புதுத் திரையைப் பழைய மானிட்டரின் எச்டிஎம்ஐ கேபிளில் செருகி, விண்டோஸின் அமைப்புகளுக்குள் ‘அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே’ என்னும் உள்ளறைக்குச் சென்று எண்ணை மாற்றாமல் விட்டால், திரை தன் வாழ்நாள் முழுவதும் 60 ஹெர்ட்ஸிலேயே ஓடிக்கொண்டிருக்கக்கூடும் என்பது. பழைய எச்டிஎம்ஐ 1.4 நொடிக்கு 10.2 கிகாபிட் மட்டுமே கடத்தும், டிஸ்ப்ளேபோர்ட் 1.4 என்னும் மற்றோர் இணைப்பு கடத்துவது 32.4. இவ்வாறு 60இல் ஓடும் 144 திரையின் முன் அமர்ந்து, “பழசுக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்” என்று நண்பர்களிடம் விளக்கும் ஈராள்கள் பலர் உளர். அவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்கள் கண்ட வித்தியாசம் விலையில் இருந்தது.

பகல் ஆளுக்கு இவ்வேகத்தால் பயன் என்ன என்பது அடுத்த வினா. மவுஸ் அம்பு வழுக்கிக்கொண்டு செல்லும், நீண்ட பக்கத்தை உருட்டுகையில் எழுத்து கலங்காது, அதனால் கண்ணுக்குச் சற்று இதம் உண்டு என்பன உண்மையே. ஆயினும் அசையாப் பொருளை வரைபவர்க்கு இவை சில்லறை ஆதாயங்கள். லட்சுமி வெடி லேபிளைத் திரை நொடிக்கு 144 முறை புதுப்பித்தாலும் 144 முறையும் வருவது அதே லட்சுமிதான்.

பகல் ஆளின் உண்மையான இக்கட்டு நிறம். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கூட்டினால் அங்கே வெள்ளை. அச்சு மையால் நிறம் காட்டுகிறது. சயான், மெஜந்தா, மஞ்சள் ஆகிய மைகள் தாளில் பட்டுத் திரும்பும் ஒளியைத் தின்றுதான் நிறம் தருவன ஆதலால், கூட்டக் கூட்ட இருட்டு. போதாததற்குக் கறுப்பும் சேரும். திரையில் ஒளிரும் தூய பச்சையை இந்நான்கு மைகளால் எட்ட முடியாது. தூய நீலமோ தாளில் இறங்கும்போது ஊதாவை நோக்கிச் சாய்ந்துவிடும். இங்கே ஒரு வியப்பான ஒற்றுமை உண்டு. வாணவெடியில் சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்குப் பேரியம், நீலத்துக்குச் செம்பு ஆகியவற்றின் உப்புகள் பயன்படுவன. இவற்றுள் நல்ல நீலம் வரவழைப்பதே கடினம், ஏனெனில் நீலம் தரும் செம்புச் சேர்மம் வெப்பம் மிகுந்தால் சிதைந்துவிடும். பெட்டிக்குள் இருப்பதைச் செய்பவர்க்கும் பெட்டிமேல் அச்சிடுபவர்க்கும் தலைவலி தருவது ஒரே நிறம் என்பதை இதுவரை எவரும் சேர்த்து நோக்கியதாகத் தெரியவில்லை. பச்சையின் கதை வேறு. பேரியம் உப்புகளையும் 2018 தீர்ப்பு விலக்கிவிட, அதே தீர்ப்பு இடமளித்த பசுமைப் பட்டாசுக்கென நாக்பூரிலுள்ள நீரி ஆய்வு நிறுவனத்தின் பச்சை முத்திரை பெட்டிமேல் ஏறியது. உள்ளே சர்ச்சைக்குள்ளான பச்சையை வெளியே சரியாகக் காட்டும் பொறுப்பு லேபிள் வரைபவர் தலையில் விழுந்தது.

விளையாட்டுத் திரைகள் இவ்விடத்தில்தான் காலை வாருகின்றன. கணினிகளுக்குப் பொதுவான நிற எல்லையாக எச்பி, மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் 1996இல் முன்வைத்தது எஸ்ஆர்ஜிபி. இன்றைய விளையாட்டுத் திரைகள் பல அதைக் காட்டிலும் அகன்ற நிறப்பரப்பு உடையவை என்று பெருமையோடு விற்கப்படுவன. நிற விவரம் இணைக்கப்படாத படத்தை அவ்வகைத் திரை தன் எல்லை முழுவதற்கும் இழுத்துக் காட்டுவதால் சிவப்பு கொழுந்துவிட்டு எரிகிறது. எரிவதைக் கண்டு அஞ்சிய வடிவமைப்பாளர் சிவப்பைக் குறைக்கிறார். குறைத்தது தாளில் இறங்கி, நாட்பட்ட குங்குமம்போல் வெளிறி நிற்கிறது. வெளிச்சமும் அவ்வாறே. சதுர மீட்டருக்கு 350, 400 கேண்டெலா என்னும் ஒளியில் திரையைக் கடையிலிருந்து வந்தபடியே வைத்து வேலை பார்த்தால் எல்லாம் தெளிவாகத் தெரியும். அச்சு வேலைக்கு 120 அளவில் வைப்பதே வழக்கம் என்பதை அறியாதவரின் ஷீட் மெஷினிலிருந்து இருண்டு வரும்போது, மெஷின்மேன் அதைத் தூக்கிப் பிடித்து, “தம்பி, இது ராத்திரியில எடுத்த போட்டோவா?” என்று கேட்பார். இதற்கு மருந்து திரையின் மெனுவிலேயே எஸ்ஆர்ஜிபி என்ற பெயரில் உள்ளது எனினும், பல திரைகளில் அதைத் தேர்ந்தவுடன் வெளிச்சத்தை மாற்றும் வசதி பூட்டிக்கொள்ளும். நோயையும் மருந்தையும் ஒரே பெட்டியில் வைத்து, மருந்துப் புட்டியின் மூடியை மட்டும் ஒட்டிவிட்ட இச்செயலுக்கு உற்பத்தியாளர் தரப்பில் விளக்கம் எதுவும் காணப்படவில்லை.

பேனல் வகைகளை விரிவாக ஆராய இங்கு அவசியமில்லை. டிஎன் வகை மலிவு, வேகம் உண்டு, ஆனால் தலையைச் சாய்த்தால் நிறமும் சாயும். விஏ வகையில் கறுப்பு ஆழம், இருண்ட உருவங்கள் ஓடும்போது இழுபடும். ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனம் 1996இல் வெளிக்கொணர்ந்த ஐபிஎஸ் வகை எப்பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் மாறாதது ஆகலின், லேபிள் பார்க்க வந்த மூவர் தோளுக்குப் பின்னால் நின்று ஆளுக்கொரு கருத்துச் சொல்லும் அச்சக அறைக்கு அதுவே உகந்தது. குட்டி ஜப்பான் என்று பெயர் பெற்ற ஊருக்கு அது முறையும்கூட. ஓஎல்இடி நிறத்திலும் வேகத்திலும் இவையனைத்தையும் விஞ்சும். ஆயினும் அசையாத உருவம் நெடுநேரம் நின்றால் அதன் சுவடு நிலைத்துவிடும் குறை அதற்குண்டு. காலை ஒன்பது மணி முதல் கோரல் டிராவின் கருவிப்பட்டை ஒரே இடத்தில் நிற்கும் வாழ்வில், சில ஆண்டுகளில் அதன் ஆவி இரவுப் போர்க்களத்தின் இடது ஓரத்தில் தோன்றக்கூடும்.

இத்தனை ஆராய்ந்த பின்னும் கொள்முதலைத் தீர்மானிப்பது வேறொரு மன்றம். தந்தையிடம் விளையாட்டின் பெயரால் பணம் கேட்டு வென்ற ஈராள் இப்பகுதியில் இலர் என்பதால் விண்ணப்பம் எப்போதும் பகல் ஆளின் பெயரிலேயே செல்லும். “தொழிலுக்குத்தாம்ப்பா, கலர் கரெக்டா தெரியணும்ல” என்பது அதன் வாசகம். “இருக்குற மானிட்டர்ல லட்சுமி தெரியலையாக்கும்?” என்பது மன்றத்தின் குறுக்கு விசாரணை. நிற வேறுபாட்டின் அளவாகிய டெல்டா ஈ இரண்டுக்குள் இருந்தால் சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது என்ற விளக்கம் இங்கே பயன்படுவதில்லை. தெரியாத வேறுபாட்டுக்கு எதற்குப் பணம் என்று அதே வாயால் கேட்கப்படும். தாயார் இடையில் புகுந்து, “கேக்குறான்ல, குடுங்களேன்” என்ற பின்னரே நிதி ஒதுக்கப்படுவது வழக்கம். நிறத்தின் பெயரால் பெறப்பட்ட தொகை அன்று மாலையே 240 ஹெர்ட்ஸாக மாறுவதும் வழக்கம்.

ஆய்வின் முடிபைக் கூறுமிடத்து, ஈராளுக்கு 27 அங்குல ஐபிஎஸ் திரை, 2560க்கு 1440 பிக்சல், 144 முதல் 180 ஹெர்ட்ஸ், வெளிச்சம் பூட்டப்படாத எஸ்ஆர்ஜிபி நிலை ஆகியவை போதும். அதே 27 அங்குலத்தில் 1920க்கு 1080 வாங்கினால் அங்குலத்துக்கு 82 பிக்சல்தான் கிட்டும். லேபிளின் அடியிலுள்ள எச்சரிக்கை வாசகத்தில் சுழிகள் அடைபட்டுவிடும். மற்றதில் 109 கிட்டும். 240ஐக் கைவிட்டு மிஞ்சும் பணத்தில், திரைமேல் தொங்கவிட்டு நிறத்தை அளந்து திருத்தும் கேலிப்ரேட்டர் ஒன்றை நான்கு டிசைனர்கள் கூட்டாக வாங்கிக்கொள்ளலாம்.

இம்முடிபுக்கு ஒரே தடை எஞ்சுகிறது. இவ்வாறு தேர்ந்து, அளந்து, திருத்திய திரையில் உருவான லேபிள், வாட்ஸ்அப் வழியாகச் சுருங்கிச் சென்று, பட்டாசுக் கடை வாசலில் உச்சி வெயிலில் நிற்கும் அண்ணாச்சியின் கைப்பேசியில் திறக்கப்படுகிறது. அங்குதான் ஒப்புதல் கிடைக்கிறது. கைப்பேசியின் நிறநிலையோ ‘விவிட்’ என்பதில் உள்ளது. “நல்லாருக்கு தம்பி, அந்தப் பச்சைய மட்டும் இன்னும் கொஞ்சம் தூக்கு” என்ற குரல் பதிவு திரும்பி வந்தவுடன், அச்சில் எட்டவே முடியாத அந்தப் பச்சைக்கு ஐந்தாவது மையாக ஸ்பெஷல் கலர் போடுவதா, அவ்வாறாயின் கூடுதல் பிளேட்டுக்கான காசை அண்ணாச்சி தருவாரா என்ற வினாக்கள் எழுகின்றன. அவற்றை அண்ணாச்சியிடம் நேரில்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும். அவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சற்று இளகியிருப்பார் என்பது அச்சகத்தார் அனைவரும் ஒப்பும் செய்தி.