மரடோனா செட்டு

வியாசர்பாடியில் மைதானத்தை ஒட்டிய எந்த டீக்கடைக்குப் போனாலும் இவர்களைப் பார்க்கலாம். மாலை ஐந்து மணிக்கு மேல், மரபெஞ்சில், நாலு பேர். எல்லோரும் அறுபதைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். முழங்காலில் உறை, அதையும் மீறி வரும் தைல வாசனை. உள்ளே பையன்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள். இவர்கள் முகம் மைதானத்தைப் பார்த்திருக்கும்; கண் மட்டும் 1986-ல் இருக்கும். ஏரியாவில் இவர்களுக்கு 'மரடோனா செட்டு' என்று பெயர்.

டீ சொல்வதிலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். "நாலு டீ. ரெண்டுல சக்கர வேணாம், ஒண்ணுல பாதி, ஒண்ணுல டபுள்." டபுள் சொல்பவருக்கு உடம்பில் ஒன்றும் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். அவர் இன்னும் ரத்தம் டெஸ்ட் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

யாருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் புழக்கத்தில் இல்லை. ஒருவர் ஜிக்கோ. ஆட்டத்தின் அழகுக்காக வந்த பெயர் அல்ல. ஒரு டோர்னமென்டில் பெனால்டியை வானத்துக்கு அடித்த மறுநாள் வந்தது. அசல் ஜிக்கோவும் 1986-ல் பிரான்சுக்கு எதிராகப் பெனால்டியைக் கோட்டைவிட்டவர்தானே. இன்னொருவர் சாக்ரட்டீஸ். 1982-ல் பிரேசில் கேப்டனாக ஆடிய சாக்ரட்டீஸ் டாக்டருக்குப் படித்தவர். நம்மவர் மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்த்தவர். அந்தத் தெருவுக்கு அது பெரிய வித்தியாசமாகப் படவில்லை. மூன்றாமவர் ஷில்டன், கோலி. மரடோனாவிடம் இரண்டு கோல் வாங்கிய இங்கிலாந்து கோலியின் பெயரை ஒருவருக்கு வைப்பது மரியாதையா என்று கேட்கக் கூடாது. டபுள் சர்க்கரைக்காரருக்குப் பெயரே இல்லை. அவர் கடைசிவரை சப்ஸ்டிடியூட்.

இப்போது ஆடுகிறவர்கள் யாரையும் இவர்களுக்குப் பிடிக்காது. "ஆட்டமா ஆடுறானுங்க? முடிவெட்டுதான் ஆடுது." மெஸ்ஸியைக் கொஞ்ச காலம் ஓரமாகவே வைத்திருந்தார்கள். 2022-ல் கத்தாரில் அவர் கோப்பையைத் தூக்கியதும் சிக்கல். இரண்டு நாள் யோசித்து ஜிக்கோ தீர்ப்புச் சொன்னார்: "மேல இருந்து மரடோனா பாத்துக்கினாருபா." இந்தச் சட்டத்துக்கு விதிவிலக்கு உள்ளூர்ப் பிள்ளைகள்தான். இதே வியாசர்பாடியிலிருந்து போன தனபால் கணேஷ் ஆடிய சென்னையின் எஃப்சி 2018-ல் ஐஎஸ்எல் கோப்பையை வென்றபோது, நால்வருமே அவருக்குச் சின்ன வயதில் பாலை உதைக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் ஆகிவிட்டார்கள்.

அடுத்தது பாட்டு. ராஜாவும் எஸ்.பி.பி.யும் இல்லாமல் இவர்களால் ஒரு கோலையும் ஞாபகப்படுத்த முடியாது. 'விக்ரம்' வந்த புதுசு என்றால் மெக்சிகோ உலகக் கோப்பை என்று அர்த்தம். அப்போதெல்லாம் துண்டுச்சீட்டில் பாட்டு எழுதிக் கேசட் கடையில் கொடுத்தால், அறுபது நிமிஷ டேப்பில் பதிந்து தருவார்கள். 'பி' பக்கத்தின் கடைசிப் பாட்டு முடிவதற்குள் டேப் தீர்ந்துவிடும். ஜிக்கோவின் கேசட்டில் இரண்டாம் சரணத்தின் நடுவில் அறுந்துபோன ஒரு பாட்டு உண்டு. இன்றைக்கும் அதை முணுமுணுத்தால் சரியாக அந்த எழுத்தோடு நிறுத்திவிடுவார். மிச்சம் போனில் இருக்கிறதே என்றால், "அது வேற பாட்டு" என்பார்.

2020 செப்டம்பர் 25-ல் எஸ்.பி.பி. போனார். நவம்பர் 25-ல் மரடோனா. அந்தச் சேதி வந்தபிறகு பெஞ்சில் மாஸ்க் போட்டு, இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஃப்ரீ கிக்குக்குக் கட்டிய சுவரில் நாலு ஓட்டை விழுந்த மாதிரி இருந்தது. கோலைப் பற்றி யாரும் பேசவில்லை. "ரெண்டுக்கும் ரெண்டே மாசம்" என்றார் சாக்ரட்டீஸ். அவ்வளவுதான்.

மற்ற நாளெல்லாம் அந்த கோல்தான். 1986 ஜூன் 22, அஸ்டெகா ஸ்டேடியம், இங்கிலாந்துக்கு எதிரான கால் இறுதி. நமக்கு ராத்திரி பதினொன்றரை மணி. ஷில்டன் வீட்டு பிளாக் அண்ட் ஒயிட் டிவி முன்னால் முப்பது பேர். கையால் தட்டிய முதல் கோலைப் பற்றி, "நான் அப்பவே ஹேண்டுன்னு கத்துனேன்" என்பார் ஷில்டன். நாலு நிமிஷம் கழித்து வந்த இரண்டாவது கோலில்தான் விஷயம் இருக்கிறது. அசலில் மரடோனா தன் பக்கத்து ஹாஃப் லைனை ஒட்டிப் பாலை வாங்கி, பத்து நொடி சுமாரில் கோலியையும் தாண்டிப் போட்டார். ஜிக்கோ சொல்லும்போது, தொண்ணூறுகளில் அது ஹாஃப் லைனில்தான் தொடங்கியது. அவருக்கு முட்டி தேயத் தேய மரடோனா பின்னால் போய்க்கொண்டே இருந்தார். இப்போது அர்ஜென்டினா கோல்போஸ்ட்டிலிருந்து கிளம்புகிறார். இன்னும் இரண்டு வருஷம் போனால் ஹோட்டல் ரூமிலிருந்தே பாலை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார். சாக்ரட்டீஸ் கணக்கில் ஏமாந்தவர்கள் ஏழு பேர், அதில் ஒருவர் ரெஃப்ரி.

ஒரு பையன் போனில் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினான். ஜிக்கோ கண்ணாடியைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "முன்னாடி இருக்கறத கட் பண்ட்டானுங்கடா" என்றார்.

ஆச்சரியம் என்னவென்றால், அதே ஆட்டத்தில் இங்கிலாந்து போட்ட ஒரே கோலை மட்டும் நாலு பேரும் எழுத்துப் பிசகாமல் ஒரே மாதிரி சொல்வார்கள். சப்ஸ்டிடியூட்டாக வந்த பார்ன்ஸ் இடப்பக்கம் ஓடி கிராஸ் போடுகிறார், லினேகர் தலையால் முட்டுகிறார். ஒரு ஆள் கூடாது, ஒரு அடி நீளாது.

காரணம் போன மாசம்தான் தெரிந்தது. ஷில்டனின் சம்சாரம் மாத்திரை டப்பாவோடு வந்திருந்தார். மரடோனா மூன்றாவது ஆளைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

"எந்த கோலு?" என்றார் அண்ணி. "ஆஃப் டைம்லயே கரண்ட் பூட்ச்சே. முப்பது பேருக்கு டீ போட்டு எடுத்துக்கினு இருட்டுல நின்னது நானு. கரண்ட் வந்தப்போ எவனோ தலையால முட்டுனான். அதத்தான பாத்தீங்க?"

டபுள் சர்க்கரைக்காரர் காலி கிளாஸை ஒரு தடவை உறிஞ்சினார். ஷில்டன் மாத்திரை டப்பாவில் கிழமையைத் தேடினார். சாக்ரட்டீஸ் விரலில் எண்ணிக்கொண்டிருந்தது ஐந்தில் நின்றது.

ஜிக்கோ மட்டும் அசரவில்லை. "மெக்சிகோவுல கரண்ட் இருந்துச்சே அண்ணி!"

அண்ணி தலையில் அடித்துக்கொண்டு போனார். ஷில்டன் மாத்திரையை விழுங்கினார். காலி கிளாஸ்களைப் பெஞ்சில் வரிசையாக நிறுத்தினார்கள். பால் மறுபடி அர்ஜென்டினா கோல்போஸ்ட்டில் வைக்கப்பட்டது.