மலைவிடுதிகளில் ஈரத்துணி உலராமை: ஒரு கள ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

தமிழ்நாடு அரசு 1984இல் பெண்களுக்கெனத் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் கொடைக்கானல் அட்டுவம்பட்டியில் இருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர். இத்தகைய உயரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கும் ஒருத்தி பாடத்திட்டத்தைப் பற்றி யோசிக்கும் நேரம் குறைவு. துவைத்த சுடிதார் எப்போது காயும் என்று யோசிக்கும் நேரமே அதிகம். இவ்வினாவை ஆய்வுலகம் உரிய மரியாதையுடன் அணுகவில்லை என்பதே இக்கட்டுரையின் மனக்குறை.

தரவுகள்

முதன்மைத் தரவு: நைலான் கொடி. துணைமைத் தரவு: ‘ஏய், மழை வருதுடி!’ என்ற கூக்குரல்.

முன்னோர் கருத்து

இயற்பியலார் கூற்றுப்படி, உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும்; நீர் எளிதில் ஆவியாகும். கொடைக்கானலில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவது இதனால்தான். அப்படியானால் துணி மதுரையைவிட இங்கே சீக்கிரம் காய வேண்டுமே? காயாது. குளிர்ந்த காற்று கொஞ்சம் ஈரத்திலேயே நிறைந்துவிடும். மூடுபனி இறங்கிவிட்டால் அதற்குமேல் ஒரு சொட்டையும் வாங்கிக்கொள்ளாது.

வானியலார் நிலை இன்னும் சிக்கலானது. இதே ஊர் வானாய்வகத்தில் 1901 முதல் சூரியனைப் பார்த்து வருகிறார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்ததும் இங்கேதான். அவர்களுக்கு அகப்பட்ட சூரியன், ஞாயிற்றுக்கிழமை துவைத்துப் போட்டவளுக்கு மட்டும் ஏன் அகப்படுவதில்லை என்பது விளங்கவில்லை.

இலக்கணிகளே தெளிவாகப் பேசுகிறார்கள். குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் உரிய பருவமாக வகுத்தார் தொல்காப்பியர். கூதிர் என்பது ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழையும் நவம்பர் செமஸ்டர் தேர்வும் கைகோத்து வரும் காலம். நிலம் குறிஞ்சிதான், ஆனால் விடுதியில் நிகழும் ஒழுக்கம் இருத்தல், அதாவது காயும்வரை காத்திருத்தல். அது முல்லைக்குரியது. இதைத் திணைமயக்கம் என்று கொள்க.

கண்டறிந்தவை

1. துப்பட்டா முதலில் காயும். சுடிதார் பேன்ட் காய்ந்ததுபோல் நடிக்கும். நாடா நுழையும் மடிப்பை விரலால் அழுத்தினால் உண்மை வெளிப்படும். ஜீன்ஸ் பற்றிப் பேசாதிருப்பது நலம். ராமநாதபுரத்து வெயிலை நம்பி வாங்கி வந்த ஜீன்ஸ், முதல் மழைக்குப் பின் பெட்டிக்குள் போகும். ஊருக்குப் போகும்போதுதான் வெளியே வரும்.

2. காயாததைக் காயவைக்கும் முறைகள் மூன்று: இஸ்திரிப்பெட்டி, மின்விசிறி, உடல். கடைசி முறையில் முதல் வகுப்பு முடிவதற்குள் துணி காய்ந்துவிடும், தும்மல் தொடங்கிவிடும்.

3. ஒருத்தி எந்த ஆண்டு படிக்கிறாள் என்றறிய அடையாள அட்டை வேண்டாம். முதலாண்டுக்காரி நடுமுற்றத்தில் காயப்போட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விடுவாள். இரண்டாம் ஆண்டுக்காரியின் துணி தாழ்வாரத்தில் இருக்கும். பி.எச்டி. அக்காவின் துணி எங்கே காய்கிறதென்று எவருக்கும் தெரியாது, ஆனால் காய்ந்திருக்கும். வழிகாட்டியின் கையெழுத்துக்குக் காத்திருந்து பழகியவருக்கு வெயிலுக்குக் காத்திருப்பது பெரிதல்ல.

4. கிளிப்புகளுக்குச் சொத்துரிமை இல்லை. ஜூலையில் நீலமாக வந்தவை, மார்ச்சில் பச்சையாகவும் மஞ்சளாகவும் ஊர் திரும்புகின்றன.

முடிவுரை

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கட்டாயம் கேட்பார்: ‘இந்த ஆய்வால் சமுதாயத்துக்கு என்ன பயன்?’ பயன் உண்டு. கொடிகள் மேலும் கீழுமாகக் கட்டப்பட்டுள்ளன. மேல்கொடித் தண்ணீர் கீழ்கொடித் துணியில் சொட்டும். காவிரிக்கு 1990இல் நடுவர் மன்றம் அமைக்க வேண்டியிருந்தது. இங்கே, ‘அக்கா, நல்லா பிழிஞ்சு போடுங்கக்கா’ என்பதோடு வழக்கு முடிந்துவிடுகிறது.