மேட்டாங்காட்டு விலை

வா மாப்ளே, உக்காரு. பொள்ளாச்சிச் சந்தைக்குக் காளையை ஓட்டப்போறியாமா? எம்.காம். படிச்சவனுக்கு விலை பேசத் தெரியாதான்னு உங்கொம்மாகிட்டக் கேட்டியாமா. செரித்தான். ஆனா கண்ணு, சந்தையில முதல்ல ரூவாயைப் பேசறவன் ஏமாளி.

செவ்வாய், வியாழன்னா அங்க நிக்க இடமிருக்காது. கேரளத்துல இருந்து யாவாரிக வந்து குமிஞ்சிருப்பாங்க. தரகன் மாட்டைப் பாக்கறதுக்கு முந்தி உன்ற மூஞ்சியைப் பாப்பான். அப்பறம் வாயைப் பொளந்து பாத்துப்போட்டு, நாலு பல்லுன்னு நீ சொல்றதை, "கடை சேந்து வருசமாச்சுங்களே"ம்பான். சுழி செரியில்லைம்பான். நீ "பாசமா வளத்ததுங்க"ன்னு மூக்கைச் சிந்துவே. அந்த நேரம் பாத்து, "அடிமாட்டு விலைதானுங்க போகும்"னு ஒரு வார்த்தையை விடுவான். ரூவா இன்னும் வாயில வரலை, பாத்துக்க. அதுக்குள்ள உன்ற மனசுல காளை லாரி ஏறிருச்சு.

அப்பறந்தான் துண்டைப் போத்திக் கையைப் பிடிப்பான். உள்ள எந்த விரலை அமுக்கறான்னு பக்கத்துல நிக்கறவனுக்குத் தெரியக்கூடாது, அதுக்குத்தான் துண்டு. உனக்கும் தெரியாது, அதான் சங்கடம். வாங்கின காளையை அரைமணி கழிச்சு அக்கட்டால கொண்டுபோயி நிறுத்துவான். அங்க அது "கிராக்கியான உருப்படி". பல்லு மறுபடியும் நாலாயிரும்.

தரகனை மட்டும் ஏன் வையோணும்? நகைக்கடைக்குப் போ. ஏசி காத்து, ஓசிக் காப்பி. சங்கிலி வாங்கையில தங்கத்துக்கு ஒரு விலை, செய்கூலி, சேதாரம், மேல நூத்துக்கு 3 ரூவா ஜிஎஸ்டி. அதையே விக்கப் போயி, செய்கூலியும் சேதாரமும் எங்கீங்கன்னு கேளு. "பழைய நகைங்க சார்"ம்பான். தங்கத்துல என்னடா பழசு? பூசணிக்காயா அது, அழுகிப்போறதுக்கு? வாங்கறப்ப சேதாரம்னு நீ குடுத்தே, விக்கறப்ப கழிவுன்னும் நீயே குடுக்கறே. 916-ன்னு முத்திரை இருந்தா ஆயிரத்துல 916 பங்கு தங்கம்னு அர்த்தம். கடைக்காரன் பேச்சு எத்தனை பங்கு சுத்தம்னு அதுல குத்தியிருக்காது.

பொட்டலத்துல போட்டிருக்கற எம்ஆர்பி வரியெல்லாம் சேத்த உச்ச விலை. அதுக்கு மேல வாங்கக்கூடாதே ஒழிய, கொறைச்சுத் தர்றதுக்குத் தடையில்லை. அங்கெல்லாம் நீ வாயைத் தொறக்க மாட்டே. கீரைக்காரிகிட்டத்தான் ரெண்டு ரூவாய்க்கு மல்லுக்கட்டி, கொசுறுக்குக் கறிவேப்பிலையும் புடுங்கிக்கிட்டு வருவே. கெட்டிக்காரன்.

அது கெடக்கட்டும். உன்ற காட்டு விசயத்துக்கு வாறேன். போன வருசம் மேக்கால பத்து சென்ட்டை விலைக்குக் கேட்டு ஆளு வந்தப்ப, "பைபாஸ் வருதுங்க, மார்க்கெட் மதிப்பே வேறெங்க"ன்னு வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சே. பத்திரம் எழுதறப்ப மட்டும் "வழிகாட்டி மதிப்பே போட்டுக்கலாமுங்க"ன்னு கொரல் எறங்கிருச்சு. முத்திரைத் தீர்வை மிச்சமாகோணுமில்ல!

இப்ப உங்கக்கா பங்கு கேக்கறாளாம். ஒடனே அதே காடு, "தண்ணியில்லாத மேட்டாங்காடுங்க மாமா, கள்ளிகூட மொளைக்காது"ன்னு ஆயிப்போச்சு. பூர்வீகச் சொத்துல பொண்ணுக்கும் சமபங்குன்னு 1989-லயே நம்மூருக்குச் சட்டம் வந்தாச்சு. உங்கக்கா கழுத்துல தாலி ஏறினது அதுக்கு எத்தனையோ வருசம் பொறத்தால. நாந்தானே மாலை எடுத்துக் குடுத்தேன், எனக்குத் தெரியாதா?

சென்ட்டுக்கு எத்தனைன்னு அவகிட்டச் சொன்னே? அட, தப்புச் சொல்லலை கண்ணு. படிச்ச புள்ள, கணக்குப் போட்டுத்தான் சொல்லியிருப்பே. ஒண்ணு பண்ணு. அந்த மேட்டாங்காட்டு விலைக்கே மொத்தத்தையும் எனக்குக் கிரயம் பண்ணிக் குடுத்துரு. ரொக்கம் பீரோவுல கெடக்குது.

ஏன் மாப்ளே எந்திரிச்சுட்டே? உங்கத்தை காப்பி போடறா, குடிச்சுப்போட்டுப் போ.