எல்எம் ஈற்றியல்: கம்பைலர் ஃப்ளாக்குகளின் வைப்புமுறை பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஜிசிசி என்னும் கம்பைலரை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-இல் வெளியிட்டார். அன்றுமுதல் டெர்மினலில் அதன் பின்னே கோடிட்டு வரும் ஃப்ளாக்குகளை எல்லாரும் தட்டச்சினார்களேயன்றி, இலக்கணம் வகுத்தார் எவருமிலர். அக்குறை நீக்க இக்கட்டுரை எழுந்தது. எழுந்ததை யாரும் தடுக்கவில்லை.

'சி' என்பது இணைக்காமல் நிறுத்தும். 'ஜி' பிழை தேடுவோர்க்கு உரியது. 'ஓ' சிறிது, பெரிது என இருவகைப்படும். சிறிய ஓ விளைந்த கோப்புக்குப் பெயரிடும்; இடாவிடில் ஏ.அவுட் என்றே பிறக்கும். பெரிய ஓ வேகம் தரும்; மூன்றுக்கு மேல் எந்த எண்ணைக் கொடுத்தாலும் மூன்றாகவே கொள்ளும். ஒன்பது போட்டவர்க்கு மனநிறைவு மட்டும் மிகுதி.

'டபிள்யூ-ஆல்' எல்லா எச்சரிக்கையும் தருவதாகப் பெயர். தராது. 'டபிள்யூ-எக்ஸ்ட்ரா' சேர்த்தாலும் 'ஷேடோ' போன்றவை வெளியே நிற்கும். 'முழுத் தொகுப்பு' வெளியிட்டுவிட்டு, மறு ஆண்டே 'விடுபட்டவை' வெளியிடும் பதிப்பாசிரியர் மரபு இது.

இனி எல்எம். சைன் முதலிய ஃபங்ஷன்கள் கணித லைப்ரரியில் இருப்பதால் இந்த ஃப்ளாக் வேண்டும். லிங்கர் இடமிருந்து வலமாகப் படிக்கும். கோப்புக்கு முன்னே எல்எம் நின்றால், யாரும் இன்னும் எதையும் கேட்கவில்லையே என்று தாண்டிப் போகும். பிறகு கோப்பு சைனைக் கேட்டால், அப்படியொன்று இல்லவே இல்லை என்று சாதிக்கும். ஆகவே எல்எம் ஈற்றில் வரும் (காண்க: நான் எழுதப்போகும் நூல், தொகுதி 2). சில கணினிகளில் முன்னே வந்தும் இயங்குகிறதே எனின், அது புறனடை என்க (மேற்படி நூல், நினைத்தும் பாராத தொகுதி 3, பின்னிணைப்பு). சைனுக்குள் நேரே ஓர் எண்ணைக் கொடுத்தால் ஜிசிசியே கணக்கிட்டுவிடும், எல்எம் தேவைப்படாது, இது புறனடைக்குப் புறனடை (காண்க: அந்நூலுக்கு நானே புனைபெயரில் எழுதவிருக்கும் கண்டனம், அதற்குச் சொந்தப் பெயரில் எழுதவிருக்கும் கண்டன கண்டனம், நான்காம் அடிக்குறிப்பின் அடிக்குறிப்பு).

'பெடான்டிக்' என்றும் ஒரு ஃப்ளாக் உண்டு. சி மொழியின் ஐஎஸ்ஓ தரவிதியை எடுத்துவைத்துக்கொண்டு குற்றம் காண்பது இதன் தொழில். இதை நம்பி ஒரு நிரல் விதிப்படி அமைந்ததா என்று முற்றாக அறிய முடியாது என்று ஜிசிசி கையேடே ஒப்புக்கொள்கிறது. இவ்வாறு ஒப்புக்கொண்ட பேராசிரியர் எவரும் எம் பார்வைக்கு வரவில்லை. மேலும், கம்பைலரில் இதைக் கேட்டால்தான் வரும். கருத்தரங்குகளில் கேளாமலே வரும்.

எஞ்சியது சிறிய 'டபிள்யூ'. எல்லா எச்சரிக்கையையும் இது வாயடைக்கும். வாய்மொழித் தேர்வன்று புறத்தேர்வாளர் மீது இதைப் பயன்படுத்த இயலுமா என்பது மேலாய்வுக்குரியது.