தட்டை நிறுவனத்தில் ஏ.சி. ரிமோட்: பாடி வட்டாரத்தை முன்வைத்து ஓர் அதிகாரவியல் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

ஏ.சி.யை 18-க்கு இறக்கியது யார்? இந்த ஆய்வு விடை தேடுவது இந்த ஒரு கேள்விக்குத்தான்.

களம், சென்னைப் பாடியில் எம்.டி.எச். ரோட்டை ஒட்டிய கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் இயங்கும் சிறு மென்பொருள் நிறுவனம். பெயரைச் சொல்வது ஆய்வறத்துக்கு ஒவ்வாது. சொன்னாலும் அடுத்த வருடம் அதே பெயரில் இருக்குமா என்பது ஐயம். அங்கே மேனேஜர் இல்லை, டீம் லீடர் இல்லை, பாஸ் என்ற சொல்லுக்குத் தடை. “நாங்க ரொம்ப ஃப்ளாட்” என்று சேருகிற நாளிலேயே சொல்லிவிடுகிறார்கள். சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். எழுதச் சொன்னது யார் என்று ஆய்வாளர் கேட்டார். “எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணோம்” என்று பதில் வந்தது. பெயின்டருக்குப் பணம் கொடுத்தது யார் என்ற துணைக்கேள்விக்கு மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. எல்லாருடைய கண்ணும் ஒரே பக்கம் போய்த் திரும்பியது.

ஆய்வு எல்லை

இந்த ஆய்வை ஐ.டி. நிறுவனங்கள் நிறைந்த ஓ.எம்.ஆரில் செய்யக் கூடாதா என்று நெறியாளர் கேட்கக்கூடும். செய்யலாம், ஆனால் அங்கே கண்ணாடிக் கட்டடத்தை இன்னொரு கண்ணாடிக் கட்டடத்தோடுதான் ஒப்பிட முடியும். பாடி அப்படியல்ல. இங்கே ஆலை வைத்த வீல்ஸ் இந்தியா 1960-இலும், லூகாஸ் டி.வி.எஸ். 1961-இலும், சுந்தரம் கிளேட்டன் 1962-இலும் தொடங்கப்பட்டவை. ஒரு தலைமுறையே சங்குச் சத்தத்துக்கு எழுந்து, சீருடை போட்டு, ஃபோர்மேனுக்குப் பயந்து, வீடு கட்டி, பிள்ளைகளை இன்ஜினீயரிங் படிக்கவைத்த ஊர். அந்தப் பிள்ளைகளில் சிலர்தான் இப்போது இரண்டாம் மாடியில் பீன்பேகில் சாய்ந்து, பாஸ் இல்லாத உலகத்தைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

(பீன்பேக் பற்றி ஓர் இடைக்குறிப்பு. நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் கடை ஊழியர்களுக்கு உட்கார ஓர் இருக்கை போட வேண்டும் என்று 2021-இல்தான் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. ஒரே சாலையில் ஒரு வாசலில் நாற்காலிக்கே சட்டம் வேண்டியிருக்கிறது. பக்கத்து வாசலில் முதுகெலும்பைப் பதம்பார்க்கும் மூட்டை ஒன்றை நிறுவனக் கலாச்சாரம் என்று காட்டி ஆள் எடுக்கிறார்கள். இதைத் தனி ஆய்வாகவே செய்ய வேண்டும்.)

முந்தைய ஆய்வுகள்

இத்துறையின் மூலநூல் என்று சொல்லத்தக்கது அமெரிக்கப் பெண்ணியவாதி ஜோ ஃப்ரீமனின் கட்டுரை. 1970-இல் பேச்சாகத் தொடங்கி 1972-இல் அச்சுக்கு வந்தது. தலைவரே வேண்டாம் என்று கூடிய பெண்கள் குழுக்களை உள்ளே இருந்து பார்த்தவர் அவர். தலைமையை ஒழித்தால் தலைமை ஒழிவதில்லை, நண்பர் வட்டத்துக்குள் போய் ஒளிந்துகொள்கிறது என்றார். யாரும் தேர்ந்தெடுக்காததால் அந்த வட்டத்தாரை யாரும் இறக்கவும் முடியாது. அரை நூற்றாண்டுக்கு முந்தைய இந்தக் கருத்து பாடிக்கு இன்னும் வந்து சேரவில்லை.

தலைமையை ஒழித்துப் பார்த்த நிறுவனங்களும் உண்டு. ஆன்லைனில் செருப்பு விற்ற ஜாப்போஸ் நிறுவனம் பதவிகளை எல்லாம் கலைத்துவிட்டு, 2015-இல் “பிடித்தால் இருங்கள், பிடிக்காவிட்டால் பணம் வாங்கிக்கொண்டு போங்கள்” என்றது. ஏறத்தாழ ஏழில் ஒருவர் பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினார். வீடியோ கேம் தயாரிக்கும் வால்வ் நிறுவனத்தின் கையேடு 2012-இல் வெளியே வந்தபோது உலகமே வாய் பிளந்தது: மேலதிகாரி இல்லை, மேசைக்குச் சக்கரம் உண்டு, யார் வேண்டுமானாலும் பிடித்த வேலைக்குத் தள்ளிக்கொண்டு போகலாம். அங்கிருந்து வெளியேற்றப்பட்ட ஒருவர் அடுத்த வருடமே சொன்னார், கண்ணுக்குத் தெரியாத ஒரு நிர்வாக அடுக்கு உள்ளே இருக்கிறது, பள்ளிக்கூடத்துக் கோஷ்டி மாதிரிதான் என்று. பாடி நிறுவனத்திலும் நாற்காலிகளுக்குச் சக்கரம் உண்டு. ஏ.சி.க்கு நேர் கீழே இருந்து தள்ளிக்கொண்டு போக இடம்தான் இல்லை.

எச்.சி.எல். டெக்னாலஜிஸின் வினீத் நாயர் வேறு வழியில் போனார். “ஊழியர்கள் முதலில், வாடிக்கையாளர்கள் அப்புறம்” என்று 2010-இல் புத்தகமே எழுதியவர். அவர் தன் நாற்காலியை மறைக்கவில்லை. அதில் உட்கார்ந்தபடியே, தன்னைப் பற்றி மற்றவர்கள் போட்ட மதிப்பெண்ணை எல்லாரும் பார்க்கத் திறந்துவைத்தார். இது தட்டையாக்குவது அல்ல, வெளிச்சம் போடுவது. இரண்டையும் குழப்பிக்கொண்டதில் பிறந்ததுதான் நம் களம்.

களத் தரவு

ரிமோட் இருக்க வேண்டிய இடம் பொது மேசை. இருக்கும் இடம் ஒரு டிராயர். டிராயர்க்காரருக்குப் பதவி எதுவும் கிடையாது. “ஆரம்பத்துலேர்ந்து இருக்கார்” என்பதுதான் அவருடைய தகுதி. ரிமோட்டின் பேட்டரி மூடி எப்போதோ தொலைந்துவிட்டது. அதற்கு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியவர் அவர். ரப்பர் பேண்டு அவருடையது என்பதால் ரிமோட்டும் அவருடையது என்ற அனுபோக பாத்தியதை நாளடைவில் நிலைபெற்றுவிட்டது.

ஏ.சி.க்கு நேர் கீழே உட்காரும் பெண் (தகவலாளி 1) சித்திரை வெயிலிலும் காதைச் சுற்றித் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு டைப் அடிக்கிறார். புகார் சொல்ல மேனேஜர் இல்லை. குரூப்பில் மெசேஜ் போட்டார். “இங்க எல்லாரும் அடல்ட்ஸ், பேசித் தீர்த்துக்கலாமே” என்று நிறுவனரிடமிருந்து பதில் வந்தது, கூடவே கைகூப்பும் பொம்மை. அதற்குப் பதினோரு பேர் இதயம் போட்டார்கள். பிறகு வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு. 24 அமோகமாக ஜெயித்தது. 2020 ஜனவரிக்குப் பிறகு தயாராகும் வீட்டு ஏ.சி.கள் ஆன் செய்ததும் 24-இல்தான் தொடங்க வேண்டும் என்று மத்திய அரசு வைத்த விதியும் அதே எண்ணைத்தான் சொல்கிறது. மக்கள் தீர்ப்பும் மத்திய அரசும் ஒரே எண்ணில் சந்திப்பது அபூர்வம்.

மறுநாள் காலை ஏ.சி. 18-இல் ஓடிக்கொண்டிருந்தது.

யார் குறைத்தது? யாரும் இல்லை. டிராயர்க்காரர் கையை விரித்தார். அவர் பொய் சொல்லவில்லை என்றே ஆய்வாளர் கருதுகிறார். நிறுவனர் உள்ளே வரும்போது “உஃப்” என்று ஒரு பெருமூச்சு விடுவார், சட்டைக் காலரைப் பின்னுக்குத் தள்ளுவார், அவ்வளவுதான். உத்தரவு எதுவும் பிறக்கவில்லை. டிராயர் மட்டும் திறக்கிறது.

லீவும் இதே கதி. தொழிற்சாலைச் சட்டத்தில் 20 நாள் வேலைக்கு 1 நாள் சம்பளத்தோடு விடுமுறை என்று கணக்கு இருந்தது. தொழிலாளி அதைச் சண்டை போட்டாவது வாங்கிவிடுவார். இங்கே லீவுக்குக் கணக்கே இல்லை, எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆகவே யாரும் எடுப்பதில்லை. சொந்த அக்காவின் வளைகாப்புக்குக்கூட லேப்டாப்போடு போய் வந்ததாகத் தகவலாளி 2 வாக்குமூலம் தந்தார். யார் தடுத்தது என்று கேட்டதற்கு, “யாரும் தடுக்கல சார், அதான் பயமா இருந்துச்சு” என்றார்.

குடும்பக் கோட்பாடு

“நாமெல்லாம் ஒரே ஃபேமிலி” என்பது இங்கே வாரம் ஒருமுறை ஒலிக்கும் மந்திரம். நிறுவனரை யாரும் சார் என்று கூப்பிடக் கூடாது, பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அவருக்கு நாற்பது வயது, பையன்களுக்கு இருபத்திரண்டு. பெயர் வாயில் வராமல் அவர்கள் படும் பாட்டைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. ஒருவர் “ப்ரோ” என்று தப்பிக்கிறார். மற்றவர்கள் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள்: அருகில் போய் நின்று தொண்டையைச் செருமுகிறார்கள், “ஒரு நிமிஷம்...” என்று காற்றைப் பார்த்துச் சொல்கிறார்கள். தட்டை நிறுவனங்களில் எட்டாம் வேற்றுமை வழக்கொழிந்து வருகிறது என்பதை இலக்கண ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டும்.

மேலும், சமத்துவத்துக்குக் குடும்பத்தை உவமை சொன்னவர் தமிழ்க் குடும்பம் எதிலும் வளர்ந்தவராக இருக்க முடியாது. பெரியப்பாவா சித்தப்பாவா என்பதைப் பிறந்த வரிசை முடிவு செய்துவிடுகிறது. பத்திரிகையில் பெயர் ஒரு வரி கீழே போனதற்காகக் கல்யாணத்துக்கே வராத மாமாக்கள் உண்டு. ஆனால் குடும்பத்தில் ஒரு நேர்மை இருக்கிறது: பெரியப்பா கோபித்துக்கொண்டால், கோபித்துக்கொண்டது பெரியப்பாதான் என்று ஊருக்கே தெரியும்.

இவ்விடத்தில் தல ஆராய்ச்சியும் தேவைப்படுகிறது. பாடிக்குத் தேவாரப் பெயர் திருவலிதாயம். திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற தலம். பொதுவாகச் சிவன் கோயில்களில் நவக்கிரகங்களுக்கு ஒரே மேடை. படிநிலை கிடையாது. ஆனாலும் சூரியன் நடுவில் நிற்கிறார், மற்ற எட்டுப் பேரும் சுற்றி நிற்கிறார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. தட்டை நிர்வாகத்துக்கு இதைவிடத் துல்லியமான வரைபடம் எந்த மேலாண்மை நூலிலும் இல்லை. திருவலிதாயத்தில் குரு பகவானுக்கு மட்டும் தனிச் சந்நிதி. வியாழக்கிழமை ஆனால் அங்கேதான் கூட்டம். தனி கேபின் கிடைத்தவரிடம்தான் மக்கள் மனு கொடுக்கப் போகிறார்கள்.

சட்ட நோக்கு

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தை இயற்றியவர்கள் பீன்பேகைப் பார்த்ததில்லை. ஆனால் அதன் 7-ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவு இருந்தது. ஒரு தொழிற்சாலைக்கு மேலாளர் என்று யாரும் குறிக்கப்படாத காலத்தில், மேலாளராகச் செயல்படுவதாகக் காணப்படுகிறவர் எவரோ அவரே மேலாளர். அப்படியும் யாரும் அகப்படாவிட்டால், ஆலையின் இறுதிக் கட்டுப்பாட்டைக் கையில் வைத்திருப்பவரே மேலாளர். இன்ஸ்பெக்டர் வந்து மெஷினுக்கு மூடி எங்கே என்று கேட்டிருந்தால், “இங்க யாரும் மேனேஜர் இல்ல சார், எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணோம்” என்று பாடியின் எந்த ஆலையும் சொல்லித் தப்பியிருக்க முடியாது. மென்பொருள் நிறுவனம் தொழிற்சாலை இல்லை என்பதால் அந்த உட்பிரிவு மாடிப்படி ஏறவில்லை. ஏறியிருந்தால் டிராயர்க்காரர் கதி என்ன என்பதை நினைக்கவே ஆய்வாளருக்கு நடுங்குகிறது; அல்லது அது ஏ.சி.யாலும் இருக்கலாம்.

இதற்காகப் பழைய ஆலைகள் சொர்க்கம் என்று யாரும் வாதிடவில்லை. ஃபோர்மேனின் குரல் தெரு முனை வரை கேட்ட காலம் அது. ஆனாலும் 1998-இல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது. இந்தியாவுக்கு வந்த முதல் டெமிங் அது. 2004-இல் லூகாஸ் டி.வி.எஸ்.ஸும் வாங்கியது. டெமிங் முறைக்கு மேல் கீழ் இருப்பது பிரச்சினையே இல்லை. மெஷினில் நிற்பவர் கண்ட குறை எந்த மேசைக்குப் போகிறது, எந்த மேசையிலிருந்து பதில் திரும்புகிறது என்பதுதான் அதற்குக் கேள்வி. இரண்டாம் மாடியில் மேசைகள் எல்லாம் ஒரே அளவு. குறை எந்த மேசையிலும் தங்குவதில்லை.

வாய்மொழிச் சான்று

ஆய்வின் மிக முக்கியமான தரவு ஆய்வுக் களத்துக்கு வெளியே, கீழே உள்ள டீக்கடையில் கிடைத்தது. அந்த நிறுவனத்தில் முதலாளி என்று யாரும் இல்லையாமே என்று ஆய்வாளர் மாஸ்டரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். மாஸ்டர் டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை.

“அதுல இன்னா சார் கஷ்டம்? ஒருத்தர் ஜோக் அடிப்பாரு. சிரிக்கிறதுக்கு முன்னாடி எல்லாம் ஒரு மூஞ்சியப் பாக்கும். அந்த மூஞ்சிதான் மொதலாளி.”

“ஜோக் அடிக்கிறவர்?”

“அவரு அடுத்த வருஷம் இருக்க மாட்டாரு.”

ஃப்ரீமன் பல பக்கம் எழுதிய விஷயம், இரண்டு ஆற்றலுக்குள் முடிந்துவிட்டது.

மேலாய்வுக்கு உரியவை

மாதக் கடைசியில் வெட்டும் பிறந்தநாள் கேக்கில் க்ரீம் ரோஜா இருக்கும் துண்டு யார் தட்டுக்குப் போகிறது என்பது விரிவாக ஆராயத்தக்கது. பைக் நிறுத்துமிடத்தில் வேப்பமர நிழலும் அப்படியே. ஏ.சி. பற்றி ஒரு பரிசோதனையும் திட்டமிடப்பட்டிருக்கிறது. எந்த ஏ.சி.க்கும் பொருந்தும் யுனிவர்சல் ரிமோட் ஒன்றை வாங்கித் தகவலாளி 1-இன் கையில் கொடுத்தால் அதிகாரம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கலாம். விலை சில நூறு ரூபாய்தான். அந்த பில்லில் யார் கையெழுத்துப் போடுவது என்று குரூப்பில் கேட்டிருக்கிறோம். இதுவரை பதினோரு இதயம் வந்திருக்கிறது.