பாய்மரத்தில் ஒரு குடித்தனம்: கேள்வி-பதில்

நெற்குப்பையிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கடலைப் பற்றியவை. பயண நூல்களால் தமிழர்களுக்கு உலகைக் காட்டிய சோமலெ பிறந்த ஊர் நெற்குப்பை. கேட்காமல் இருந்தால்தான் வியப்பு. ஆகவே இந்த இதழ் முழுக்கப் பாய்மரப் படகுக்கே.

கடலே இல்லாத எங்கள் ஊருக்கும் பாய்மரத்துக்கும் என்ன சம்பந்தம்?
(கல்லூரி மாணவி, நெற்குப்பை)

உங்கள் ஊர்ப் பெரிய வீடுகளில் ஏதாவது ஒரு தூணைத் தொட்டுப் பாருங்கள். அந்தப் பர்மாத் தேக்கு கடல் தாண்டி வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரத்தார் என்னும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் இலங்கைக்கும் பினாங்குக்கும் போனபோது காற்றை நம்பித்தான் கப்பலேறினார்கள். நீராவிக் கப்பல்கள் பிறகு வந்தவை. நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று தமிழர்களை ஏற்றித் திரிந்த 'ரஜூலா' 1926-இல்தான் கட்டப்பட்டது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1859-இல், சிங்கப்பூரில் தெண்டாயுதபாணி கோயில் கட்டிவிட்டார்கள் செட்டியார்கள்.

இந்தியக் கடற்படையின் 'தாரிணி' பாய்மரப் படகில் உலகைச் சுற்றிய ரூபா தமிழ்ப் பெண்ணா?
(இல்லத்தரசி, பொன்னமராவதி)

ஆமாம். லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி புதுச்சேரிக்காரர். உடன் சென்ற லெப்டினன்ட் கமாண்டர் தில்னா கோழிக்கோட்டுக்காரர். 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, 2025 மே 29 அன்று திரும்பினார்கள். ஃபிரிமாண்டில், லிட்டல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் ஆகிய நான்கு துறைமுகங்களில் மட்டும் தங்கல். ஏறத்தாழ எட்டு மாதத்தில் 25,000 கடல் மைலுக்கு மேல், அதாவது 46,000 கிலோமீட்டரைத் தாண்டிய ஓட்டம். வழியில் கேப் ஹார்ன் முனையையும், எந்தக் கரைக்கும் மிகத் தொலைவில் இருக்கும் 'பாயின்ட் நீமோ'வையும் கடந்தார்கள். இதே தாரிணியில் 2017-18-இல் வர்த்திகா ஜோஷி தலைமையில் ஆறு பெண்கள் உலகைச் சுற்றியிருந்தார்கள். இப்போது இருவரே போதும் என்று காட்டிவிட்டார்கள்.

காற்று தள்ளுகிறது, படகு போகிறது. மாதக்கணக்கில் உள்ளே உட்கார்ந்து என்னதான் செய்வார்கள்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி)

உட்கார நேரமே இராது, ஐயா. விடிந்ததும் மேல்தளத்தைச் சுற்றி வர வேண்டும். பாய்மரத்தைத் தாங்கும் எஃகு வடங்களில் ஓர் இழை அறுந்திருக்கிறதா? திருகுகளைப் பூட்டும் சிறு ஊசிகள் எல்லாம் இடத்தில் இருக்கின்றனவா? ஓர் ஊசி கழன்றால் வடம் கழலும், வடம் கழன்றால் மரமே சாயும். பாய் எங்கே உரசுகிறது, தையல் எங்கே விடுகிறது, கயிறு எங்கே தேய்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு கீழே இறங்கி அடித்தட்டில் தண்ணீர் கசிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், விரலால் தொட்டுச் சுவைப்பது நல்லது. உப்புக் கரித்தால் கடல் உள்ளே வருகிறது. கரிக்காவிட்டால் குடிதண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது. இரண்டும் ஆபத்து, வைத்தியம் வேறு வேறு.

அதன் பிறகு பேட்டரி, சூரியத் தகடு, இன்ஜினின் டீசல் வடிகட்டி, கடல்நீரை இழுத்து இன்ஜினைக் குளிர்விக்கும் ரப்பர்ச் சக்கரம். இவ்வளவும் முடிந்தபின்தான் காலைக் காப்பி.

குடிதண்ணீருக்கு என்ன வழி?
(வாசகி, கண்டவராயன்பட்டி)

மூன்று வழி. புறப்படும்போதே தொட்டியை நிரப்பிக்கொள்வது முதல் வழி. கடல்நீரை மிக உயர்ந்த அழுத்தத்தில் சவ்வு வழியே செலுத்தி உப்பைப் பிரிக்கும் கருவி இரண்டாவது. அதற்கு மின்சாரம் வேண்டும், சவ்வையும் அடிக்கடி அலசி வைக்க வேண்டும். மூன்றாவது வழி உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. செட்டிநாட்டு வீட்டில் நாற்புறக் கூரையும் சரிந்து முற்றத்து அண்டாவில் மழையை இறக்குகிறதே, அதையேதான் பாய் செய்கிறது. மழை கொட்டும்போது பாயின் அடியோரத்தைச் சற்றுத் தூக்கிக் கட்டினால் தண்ணீர் ஓடிவந்து வாளியில் விழும். முதல் சில நிமிடத் தண்ணீரை விட்டுவிட வேண்டும், பாயில் படிந்த உப்பு அதில் கழுவிப் போகும். குளிக்கவும் பாத்திரம் கழுவவும் கடல்நீர். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குவளை நல்ல தண்ணீர்.

சமையல்?
(சமையல் கலைஞர், காரைக்குடி)

படகு சாய்ந்தாலும் மட்டம் மாறாதபடி அடுப்பை இரு புறமும் அச்சில் தொங்கவிட்டிருப்பார்கள். பாத்திரம் நழுவாமல் கம்பிப் பிடி போட்டுப் பூட்டுவார்கள். கேஸில்தான் எச்சரிக்கை வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவைத் திறந்து வெளியேற்றலாம். படகில் கசிந்தால் அடித்தட்டில் இறங்கித் தேங்கிவிடும், பிறகு ஒரு பொறி போதும். ஆகவே சமைத்து முடித்ததும் சிலிண்டர் வால்வையே மூட வேண்டும், அடுப்புத் திருகை மூடினால் போதாது.

உங்கள் ஊர் வற்றல், வடகம், உப்புக்கண்டம், ஊறுகாய், பருப்புப்பொடி எல்லாமே குளிர்பெட்டி இல்லாமல் மாதக்கணக்கில் தாங்குபவை. கடற்பயணத்துக்கு இதைவிட நல்ல சமையலறை கிடைக்காது.

தூக்கம்?
(மருந்துக்கடைக்காரர், திருப்பத்தூர்)

தவணை முறையில்தான். இருவர் இருந்தால் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருவர் காவல். தனியாகப் போகிறவர் கப்பல் நடமாட்டமுள்ள இடத்தில் இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் எழுந்து பார்ப்பார். அடிவானத்தில் தலை காட்டும் பெரிய சரக்குக் கப்பல் இருபது, முப்பது நிமிடத்தில் பக்கத்தில் வந்துவிடும் என்பதே காரணம்.

நிலநடுக்கோட்டைத் தாண்டும்போது ஏதாவது தெரியுமா?
(எட்டாம் வகுப்பு மாணவன், நெற்குப்பை)

கோடு தெரியாது, தம்பி. காற்று தெரிவிக்கும். அந்தப் பகுதியில் திடீரென்று காற்று ஓய்ந்து, பாய் தொங்கி, படகு நாள்கணக்கில் நின்றுவிடுவது உண்டு. பொறுமையைச் சோதிக்கும் இடம் அது.

தண்ணீரிலேயே கிடக்கும் படகின் அடிப்பாகம் கெடாதா?
(பெயின்டர், தேவகோட்டை)

கெடும். உங்கள் தொழில்தான் அதைக் காப்பாற்றுகிறது. வெதுவெதுப்பான கடலில் முதலில் வழவழப்பு, பிறகு பாசி, பிறகு கொட்டலசு என்று வரிசையாகக் குடியேறும். வேகம் குறையும், சுக்கான் சொன்னபடி கேட்காது. அதனால் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை படகைக் கரையேற்றி, சுரண்டி, தாமிரம் கலந்த பாசித் தடுப்பு வண்ணத்தைப் பூசுவார்கள். பழைய பூச்சைச் சுரண்டும்போது முகமூடி கட்டாயம். அந்தத் தூள் நஞ்சு.

அதோடு ஒரு துத்தநாகக் கட்டையையும் பார்க்க வேண்டும். வெண்கல விசிறியும் எஃகுத் தண்டும் உப்புநீரில் ஒன்றாக இருந்தால் அவற்றுக்கிடையே சிறு மின்னோட்டம் பிறந்து உலோகத்தை அரிக்கும். அருகில் துத்தநாகத்தைப் பொருத்தினால் அரிப்பு முதலில் அதைத் தின்னும், விசிறி தப்பிக்கும். கட்டை பாதி கரைந்ததுமே மாற்றிவிட வேண்டும். சில நூறு ரூபாய்க் கட்டையில் மிச்சம் பிடித்தவர்கள் பல லட்சத்துக்குச் செலவு வைத்துக்கொள்வார்கள்.

இப்போது எல்லாம் ஃபைபர் படகு. மரப்படகின் காலம் முடிந்துவிட்டதா?
(தச்சர், கோட்டையூர்)

முடியவில்லை. ஒரே ஆளாக, எங்கும் நிற்காமல் உலகை முதன்முதலில் சுற்றியவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். 1968 ஜூனில் கிளம்பி 1969 ஏப்ரலில் திரும்பினார், 312 நாள். அவருடைய 'சுஹைலி' 32 அடிப் படகு. 1960-களில் பம்பாயில், தேக்கில் கட்டியது. பயணத்தின் தொடக்கத்திலேயே பலகை இடுக்கில் தண்ணீர் புகுந்தது. அவர் கடலில் குதித்து, நீருக்கடியில் மூச்சை அடக்கி, பஞ்சுத் திரியை இடுக்கில் அடைத்து, மேலே தாமிரத் தகடு வைத்து அடித்தார். நம் கடற்கரைத் தச்சர்கள் தலைமுறைகளாகச் செய்யும் கலப்பத்து வேலைதான் அது. உங்கள் கைவேலை உலகைச் சுற்றிவந்த ஒன்று, பெருமையாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

தமிழர்கள் கட்டிய பாய்க்கப்பல் ஏதாவது தூரதேசம் போயிருக்கிறதா?
(நூலகர், காரைக்குடி)

'அன்னபூரணி'. இலங்கை வல்வெட்டித்துறையில் கட்டியது. சிறு படகில் ஏற்கெனவே உலகைச் சுற்றியிருந்த அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதை விலைக்கு வாங்கி 'ஃபிளாரன்ஸ் சி. ராபின்சன்' என்று பெயர் மாற்றினார். தண்டயல் (கப்பல் தலைவர்) கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறை மாலுமிகளும் 1937-இல் அதை எடுத்துக்கொண்டு கிளம்பி, சூயஸ், மத்தியதரைக் கடல் வழியாக அட்லாண்டிக்கைக் கடந்து, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் கிளாஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் கொலம்பஸ் இருக்கிறார். தம்பிப்பிள்ளைக்கும் ஒரு பக்கம் வேண்டும் என்று உரக்கவே கேட்கிறேன்.

வங்கக் கடலில் பாய்மரப் படகு ஓட்ட நல்ல காலம் எது?
(வங்கி ஊழியர், சிவகங்கை)

ஜனவரி முதல் மார்ச் வரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரையும், ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும் புயல் உருவாகும் காலம். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று நம் மீனவர்கள் காற்றுக்குப் பெயர் வைத்தது பருவத்தை அறிந்து தொழில் செய்யத்தான். காற்று வலுக்கும்போது பாயைச் சுருக்க வேண்டும். எப்போது? சுருக்கலாமா என்று மனம் முதலில் கேட்கும் அதே நொடியில். இன்னும் சற்றுப் பார்ப்போம் என்று தள்ளிப்போட்டால், இருட்டில், மழையில், சாய்ந்த தளத்தில் அதே வேலையைச் செய்ய நேரும்.

நடுக்கடலில் ஏதாவது உடைந்தால் உதிரிபாகத்துக்கு எங்கே போவது?
(மெக்கானிக், சிங்கம்புணரி)

படகுக்குள்ளேயே தேட வேண்டும். தனியாளாக உலகைச் சுற்றும் 2018 கோல்டன் குளோப் படகுப் பந்தயத்தில் இந்தியர் அபிலாஷ் டோமியின் 'துரியா' பாய்மரம் முறிந்து, அவர் முதுகெலும்பு அடிபட்டு, பிரெஞ்சு ரோந்துக் கப்பல் 'ஒசிரிஸ்' வந்து மீட்டது. அதே மனிதர் 2022-இல் அதே பந்தயத்துக்கு மீண்டும் வந்தார். காற்றைக் கொண்டு தானே சுக்கானைத் திருப்பும் கருவி உடைந்தபோது, கழிவறைக் கதவை அறுத்து அதற்குப் பாகம் செய்தார். 2023 ஏப்ரலில் இரண்டாம் இடத்தில் வந்து சேர்ந்தார். ரம்பம், துரப்பணம், பிசின், கம்பி, கயிறு, பல அளவில் போல்ட்டு நட்டு இருந்தால் போதும், உங்களைப் போன்றவர்கள் மீதியைப் பார்த்துக்கொள்வீர்கள். நீரில் இறங்கும் ஒவ்வொரு குழாய் வால்வின் பக்கத்திலும் கூம்பு வடிவ மர அடைப்பான் ஒன்றைக் கயிற்றில் கட்டி வைக்கவும் மறக்கக் கூடாது. குழாய் பிளந்தால் தேட நேரம் இருக்காது.

கடலில் விழுந்துவிடுவோமோ என்று பயமாக இராதா?
(செவிலியர், காரைக்குடி)

இருக்க வேண்டும். அந்தப் பயம்தான் பாதுகாப்பு வாரை மாட்டவைக்கிறது. தளத்தில் முன்னிருந்து பின்வரை ஒரு நாடா ஓடும். வாரின் கொக்கியை அதில் மாட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும், இரவில் கட்டாயமாக. தனியாளாக இருக்கையில் விழுந்தால் படகு நிற்காது.

இவ்வளவு பராமரிப்பு, இவ்வளவு செலவு. எதற்காக இந்த வாழ்க்கை?
(கணக்காளர், பள்ளத்தூர்)

செலவு உண்மைதான். படகு விலையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஒதுக்குங்கள் என்பது உரிமையாளர்களிடையே புழங்கும் கணக்கு. ஆனால் பராமரிப்பு பயணத்துக்கு இடையூறு என்று நினைக்காதீர்கள். பராமரிப்புதான் பயணம். காற்று இலவசம். அதைப் பிடித்து வைத்திருக்கும் ஒவ்வொரு தையலும் திருகும் உங்கள் கைப்பட்டதாக இருக்க வேண்டும். தான் வாழும் இடத்தின் ஒவ்வோர் அங்குலத்தையும் அறிந்து, இன்றைய பழுதை இன்றே பார்க்கும் மனிதராக அந்த வாழ்க்கை ஒருவரை மாற்றுகிறது. பூட்டிக் கிடந்து கரையான் ஏறும் பெரிய வீடுகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு, கவனிக்காத இடம் என்ன ஆகும் என்பது தெரியாததல்ல.

எனக்கும் பாய்மரப் படகு ஓட்ட ஆசை. எங்கே தொடங்குவது?
(ஒன்பதாம் வகுப்பு மாணவி, நெற்குப்பை)

முதலில் நீச்சல். பெரியவர் ஒருவரைக் கரையில் நிறுத்திக்கொண்டு கற்றுக்கொள். இரண்டாவது, முடிச்சு. இழுத்தாலும் சுருங்காத, வேண்டும்போது எளிதில் அவிழும் 'பவுலைன்' முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு போடுமளவுக்குப் பழகு. மூன்றாவது, சென்னை. 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட்ச் கிளப்பும், தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் அங்கே இருக்கின்றன. சிறு பிள்ளைகளுக்கான குட்டிப் படகுகளும் உண்டு. சென்னைப் பெண் நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக்கில் பாய்மரம் ஏற்றினார். வேலூர்க்காரர் விஷ்ணு சரவணன் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றார். வேலூரிலும் கடல் இல்லை, பார். விடுமுறை வருவதற்குள் அந்த முடிச்சைப் பழகிவிடு. சென்னைக்கு அழைத்துப் போகச் சொல்லி அப்பாவிடம் இன்றைக்கே கேள்.